பில் பார்க்கிற கண்ணோடு அமைச்சரின் பதிலைப் படிப்பது எப்படி

திருப்பூரில் பனியன் தைத்துக் கொடுக்கிற சிறு பட்டறைகளான பவர் டேபிள் யூனிட்கள் இருபதுக்கு மேற்பட்டவற்றுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. ஜி.எஸ்.டி. தாக்கல், சிறு தொழில்களுக்கான உதயம் பதிவு, லோன் ஃபைல் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். மேஜையின் மறுமுனையில் என் தம்பி மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பான். இது அவனுக்கு மூன்றாவது வருடம். எனக்கு வருகிறவர்கள் கேட்பது, "அம்மிணி, கவர்மென்ட் இத்தனை லட்சம் கோடி குடுத்துதாமே, நமக்கு ஏன் வரலை?" அவன் கேட்பது, "அக்கா, ஒம்பது லட்சம் இடம் காலியாமே, எங்க போச்சு?"

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் கிடக்கிறது. எம்.பி.க்கள் கேட்ட கேள்விக்கு அமைச்சர்கள் நாடாளுமன்றத்தில் கொடுத்த பதில்கள்தான் அவை. நாலு வருடமாக அவற்றைப் படித்து வருகிறேன். முதல் வருடம் முழுக்கத் தப்பாகப் படித்தேன். நீங்களாவது அந்த ஒரு வருடத்தை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

எங்கே தேடுவது

சன்சத் டாட் இன் என்ற தளத்துக்குப் போங்கள். மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் தனித்தனிப் பகுதி இருக்கும். அதில் கேள்விகள் என்ற இடத்தில் அமைச்சகம், கூட்டத்தொடர், உறுப்பினர் பெயர் என்று எதை வைத்தும் தேடலாம். பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். தமிழில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும், நடை ஒரே மாதிரிதான் இருக்கும். பத்துப் பதில் படித்தால் பதினொன்றாவது தானாகப் புரியும்.

டி.வி.யில் காட்டுகிற கேள்வி நேரத்தை நம்பி உட்காராதீர்கள். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள்தான் வாய்மொழிப் பதிலுக்கு வரும். அந்த ஒரு மணி நேரத்தில் நாலைந்து முடிந்தாலே பெரிது. நட்சத்திரமில்லாத கேள்விகள் அதே நாளில் 230 வரை வரும். அவற்றுக்கு எழுத்தில் மட்டும்தான் பதில். மாநிலங்களவையில் இந்தக் கணக்கு 15, 160. சண்டை சச்சரவெல்லாம் நட்சத்திரக் கேள்வியில் நடக்கும், சரக்கு இருப்பது நட்சத்திரமில்லாததில். 2020 செப்டம்பரில் கொரோனா காரணமாகக் கேள்வி நேரத்தையே நிறுத்திவிட்டார்கள். அப்போதும் எழுத்துப் பதில் மட்டும் வந்துகொண்டிருந்தது.

இதில் நான் ரொம்ப நாள் சறுக்கிய இடம் ஒன்று. சிறு தொழில் என்றால் சிறு தொழில் அமைச்சகம் என்று நினைத்து அங்கேயே தேடிக்கொண்டிருந்தேன். சிறு தொழில் செய்வோருக்கான முத்ரா கடனும், கொரோனா காலத்து அவசரக் கடன் உத்தரவாதத் திட்டமும் நிதி அமைச்சகத்தின் கையில் இருப்பவை. பதிலும் அங்கிருந்துதான் வரும். உதயம் பதிவு, பிணையில்லாக் கடனுக்கான உத்தரவாத நிதி, பாக்கித் தொகைப் புகாருக்கான சமாதான் தளம் இதெல்லாம் சிறு தொழில் அமைச்சகம். வேலைவாய்ப்புப் பக்கமும் இப்படித்தான். ஆள் சேர்ப்பு பற்றிய பொதுக் கேள்விக்குப் பணியாளர் துறை பதில் சொல்லும். ரயில்வே காலியிடத்துக்கு ரயில்வே அமைச்சகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

தேதி, சொல், இணைப்பு

என்னிடம் ஒரு பில் வந்தால் முதலில் தேதி பார்ப்பேன், அப்புறம் எதற்குப் பில் என்று பார்ப்பேன், கடைசியாகத்தான் தொகை. அமைச்சர் பதிலையும் அதே வரிசையில் பார்க்கப் பழகினேன்.

தம்பி சொன்ன அந்த ஒன்பது லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். 2022 ஜூலையில் மக்களவையில் சொன்ன கணக்கு அது. மத்திய அரசுத் துறைகளில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 40,35,203. ஆள் இருப்பது 30,55,876. காலி 9,79,327. பத்திரிகையில் தலைப்பாக வந்தது கடைசி எண் மட்டும்.

தேதியைப் பாருங்கள். பதில் சொன்னது 2022 ஜூலை, கணக்கு 2021 மார்ச் 1 நிலவரப்படி. பதினாறு மாதப் பழைய சரக்கு. நிதி அமைச்சகத்தின் செலவினத் துறையில் ஊதிய ஆராய்ச்சிப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அது வருடாவருடம் மார்ச் 1-ஐ வைத்து ஓர் அறிக்கை போடும். அமைச்சர்கள் அதிலிருந்து எடுத்துத்தான் சொல்வார்கள். ஆகவே காலியிட எண் எதைப் பார்த்தாலும் எந்த மார்ச் என்று கேளுங்கள். 2020 மார்ச்சில் இதே எண் 8,72,243 ஆக இருந்தது. ஒரு வருடத்தில் லட்சத்துக்கு மேல் ஏறியிருக்கிறது என்பது இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

அடுத்தது இணைப்பு. பதில் ஒரு பக்கம்தான் இருக்கும், கடைசியில் துறைவாரியாக ஓர் அட்டவணை ஒட்டியிருப்பார்கள். முக்கால்வாசிப் பேர் அதைத் திறப்பதே இல்லை. அன்றைய கணக்கைத் துறைவாரியாகப் பிரித்தால் ரயில்வேயில் 2,93,943, பாதுகாப்புத் துறையின் சிவில் பணிகளில் 2,64,706, உள்துறையில் 1,43,536. இந்த மூன்றையும் கூட்டினால் ஏழு லட்சத்தைத் தாண்டுகிறது. நூற்றுக்கு 72 பங்கு இங்கேயே போய்விட்டது. உள்துறையில் பெரும்பகுதி மத்தியக் காவல் படைகள். நாற்காலியில் உட்கார்ந்து ஃபைல் பார்க்கிற வேலைக்குப் படிக்கிறவனுக்கு ஒன்பது லட்சம் என்ற எண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தம்பியிடம் அட்டவணையைக் காட்டியபோது அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "ரயில்வேக்கும் சேர்த்தே போடறேன்க்கா" என்றான்.

மூன்றாவது சொல். இதில்தான் ரொம்பப் பேர் ஏமாறுகிறார்கள். 2022 ஜூலை 27 அன்று வந்த இன்னொரு பதில் பிரபலமானது. 2014-15 முதல் 2021-22 வரை மத்திய அரசு வேலைகளுக்கு வந்த விண்ணப்பங்கள் 22.05 கோடி, பரிந்துரைக்கப்பட்டவர்கள் 7.22 லட்சம் பேர். வகுத்துப் பார்த்தால் சுமார் 305 விண்ணப்பத்துக்கு ஒருவர். இங்கே இரண்டு சொல்லைக் கவனியுங்கள். விண்ணப்பம் என்றால் ஆள் கிடையாது. என் தம்பி ஒருவனே வருடத்துக்கு ஆறேழு விண்ணப்பம் போடுகிறான். பரிந்துரை என்றாலும் சேர்ந்ததாக அர்த்தம் இல்லை. தேர்வாணையம் பெயரை அனுப்பும், துறை ஆவணங்களைச் சரிபார்க்கும், அதற்குள் ஆள் வேறு வேலைக்குப் போயிருப்பான். அனுமதிக்கப்பட்டது, நிரப்பப்பட்டது, தேர்வாணையத்துக்குத் தெரிவிக்கப்பட்டது, விளம்பரம் செய்யப்பட்டது, பரிந்துரைக்கப்பட்டது, நியமிக்கப்பட்டது என்று ஆறு படி இருக்கிறது. எந்தப் படியில் நின்றுகொண்டு எண்ணைச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ரோஜ்கார் மேளா என்ற வேலைவாய்ப்பு விழாவில் கொடுக்கிற நியமன ஆணைகளையும் இந்த ஏணியில் வைத்துப் பாருங்கள். அங்கே எண்ணுவது கடைசிப் படியை. புதிதாகப் பணியிடம் உண்டானதா என்பது முதல் படிக் கேள்வி, அதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

ஐ.ஏ.எஸ். கனவில் இருப்பவர்களுக்கு இன்னொரு பதிலிலிருந்து ஒரு கணக்கு. 2024 ஜனவரி 1 நிலவரப்படி அனுமதி 6,858, பணியில் இருந்தவர்கள் 5,542. குறைவு 1,316. கோச்சிங் விளம்பரத்தில் இந்த எண்ணைப் போட்டால் நன்றாக இருக்கும். அதே பதிலில், இதில் 794 மட்டும்தான் நேரடித் தேர்வுக்கு, மிச்சம் 522 மாநிலப் பணியிலிருந்து பதவி உயர்வில் வருவோருக்கு என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். வருடத்துக்கு 180 பேரைத்தான் தேர்வு மூலம் எடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால், குறைவு இருக்கிறது என்பதற்காகக் கதவு அகலமாகத் திறந்துவிடாது என்று புரியும்.

கடன் கணக்கில் கண் வைக்க வேண்டிய இடம்

இனி என் பக்கம். 2020 மே மாதம் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தை 3 லட்சம் கோடி என்று அறிவித்தார்கள். 2021-ல் அது 4.5 லட்சம் கோடி ஆனது, 2022 பட்ஜெட்டில் 5 லட்சம் கோடி. 2023 மார்ச் 31-ல் முடிந்தது. இந்த ஐந்து லட்சம் கோடி என்பது உச்சவரம்பு. உண்மையில் உத்தரவாதம் கொடுத்தது 3.6 லட்சம் கோடியைச் சுற்றித்தான். அந்தத் தொகையும் அரசு கொடுத்த பணம் இல்லை. வங்கி கொடுத்த கடன், அது திரும்பி வராவிட்டால் ஈடுகட்டுகிறேன் என்று அரசு போட்ட ஜாமீன் கையெழுத்து. பக்கத்து வீட்டுக்காரர் லோனுக்கு நாம் கையெழுத்துப் போட்டால், நாம் அவருக்கு அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டோம் என்று சொல்வோமா?

எங்கள் ஆட்களுக்கு ஏன் வரவில்லை என்பதும் விதியிலேயே இருக்கிறது. 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் எவ்வளவு கடன் நிலுவையோ அதில் 20 சதவீதம். 12 லட்சம் நிலுவை இருந்தவருக்கு 2.4 லட்சம் கிடைத்தது. வங்கிப் பக்கமே போகாமல், நகையை வைத்தும் கைமாற்று வாங்கியும் எட்டு மெஷின் ஓட்டியவருக்குப் பூஜ்யத்தில் 20 சதவீதம். என் புத்தகத்தில் அப்படிப்பட்டவர்கள் பாதிக்குப் பாதி. கடன் இல்லாமல் தொழில் செய்தது குற்றமா என்று ஓர் அண்ணன் என் மேஜையைத் தட்டிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

முத்ராவிலும் இப்படி ஒரு வேலை இருக்கிறது. 2015 ஏப்ரலில் தொடங்கிப் பத்து வருடத்தில் 52 கோடிக்கு மேல் கடன்கள், 32 லட்சம் கோடிக்கு மேல் தொகை. 52 கோடி ஆட்கள் இல்லை, 52 கோடி கடன்கள். போன வருடம் வாங்கிக் கட்டி முடித்து இந்த வருடம் திரும்ப வாங்கினால் இரண்டு. தொகையை எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு கடனுக்கு 62,000 சொச்சம். ஓவர்லாக் தையல் மெஷின் ஒன்றும் சிங்கர் மெஷின் ஒன்றும் வாங்கினால் தீர்ந்தது. பெரிய எண்ணைப் பார்த்தால் எப்போதும் வகுத்துப் பாருங்கள். வகுத்தால்தான் மனித உருவத்துக்கு இறங்கி வரும்.

சமாதான் பற்றிய பதில்களில் எனக்குச் சொந்தக் கதையே உண்டு. சிறு தொழில் சட்டப்படி சரக்கை எடுத்தவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. எங்கள் யூனிட் ஒன்றுக்கு ஒரு பனியன் கம்பெனி நாலே முக்கால் லட்சம் பாக்கி வைத்தது. புகார் போட்டோம். உதயம் பதிவு வாங்குவதற்கு முன்னால் தைத்துக் கொடுத்த பில்கள் அதில் பெரும்பாலும், கேட்க முடியாது என்று முடித்துவிட்டார்கள். பதிவைத் தள்ளிப் போட்டது எங்கள் தப்பு. அதற்குப் பின் நாடாளுமன்றப் பதில்களில் சமாதான் அட்டவணையைப் பார்க்கும்போது, முடித்துவைக்கப்பட்டவை என்ற பத்தியில் எங்கள் ஃபைலும் ஓர் எண்ணாக உட்கார்ந்திருக்கும் என்று தோன்றும். எங்கள் கைக்கு ஒரு ரூபாய் வரவில்லை. ஆகவே அந்த அட்டவணையில் நிராகரிக்கப்பட்டவை, இருதரப்பும் பேசித் தீர்த்தவை, புகாரை விசாரிக்கிற கவுன்சில் முடித்தவை என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். தொகை வசூலானதா என்ற பத்தி இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

பதில் நழுவுகிற விதம்

கேள்விகள் அ, ஆ, இ, ஈ என்று உட்பிரிவாக இருக்கும். பதிலும் தனித்தனியாக வந்தால் நல்லது. "அ முதல் ஈ வரை" என்று ஒன்றாகக் கட்டி நீளமாக ஒரு பத்தி வந்தால், பென்சிலை எடுத்துக் கேள்வியின் ஒவ்வொரு பகுதிக்கும் பதில் எங்கே என்று டிக் அடியுங்கள். எதற்கு டிக் விழவில்லையோ அதுதான் செய்தி.

இரண்டு வாக்கியங்களைப் பிரித்தறிய வேண்டும். "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" என்றால் அது வாக்குறுதி. அரசு வாக்குறுதிகளுக்கென்றே குழு இருக்கிறது, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது கணக்கு. தள்ளிப் போகும், ஆனால் நோட்டில் ஏறிவிட்டது. "இந்த விவரம் மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை" என்றால் கதை முடிந்தது, யாரும் துரத்த மாட்டார்கள். அந்த இடத்தில் எம்.பி.யை விட்டுவிட்டு, விவரம் எந்த அலுவலகத்தில் இருக்குமோ அங்கே பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவது மேல்.

குழு அறிக்கையைத் தலைகீழாகப் படியுங்கள்

கேள்வி பதில் ஒரு நாள் கூத்து. நிதானமாக உட்கார்ந்து நோண்டுவது எம்.பி.க்கள் அடங்கிய நிலைக்குழுக்கள். மொத்தம் 24, ஒவ்வொன்றிலும் 31 பேர், அமைச்சராக இருப்பவர் உறுப்பினராக முடியாது. சிறு தொழிலைப் பார்க்கிற தொழில் குழுவும், ஆள் சேர்ப்பைப் பார்க்கிற பணியாளர் துறைக் குழுவும் மாநிலங்களவைத் தலைவரின் கீழ் வருகிற எட்டில் சேர்ந்தவை. ஆக இரண்டு அறிக்கையும் தளத்தின் மாநிலங்களவைப் பகுதியில்தான் கிடைக்கும். மக்களவைப் பக்கம் தேடி அறிக்கையே இல்லை என்று ஒருவர் என்னிடம் சாதித்தார்.

பட்ஜெட் கூட்டத்தொடரின் நடுவில் அவைக்கு விடுமுறை விடுவார்களே, அப்போதுதான் குழுக்கள் துறைவாரியாக மானியக் கோரிக்கையை, அதாவது துறை செலவுக்குக் கேட்கிற தொகையை, பிரித்துப் பார்க்கும். போன வருடம் எவ்வளவு ஒதுக்கினார்கள், திருத்திய மதிப்பீட்டில் எவ்வளவு குறைத்தார்கள், செலவானது எவ்வளவு என்று மூன்று பத்தி இருக்கும். கணக்கு எழுதுகிற எனக்கு அதுதான் தேன். 2021 ஜனவரி கணக்கில் 1,515 ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் குறைவு என்பதை எடுத்துக்காட்டி வருடாவருடம் எடுக்கிற ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டச் சொன்னதும் இப்படி ஒரு குழுதான்.

அதற்கு அரசு என்ன சொன்னது என்பது சில மாதம் கழித்து நடவடிக்கை அறிக்கையில் வரும். ஐந்து அத்தியாயம். இரண்டாவதில் அரசு ஏற்றுக்கொண்டவை, மூன்றாவதில் குழுவே விட்டுவிட்டவை, நான்காவதில் அரசின் பதிலைக் குழு ஏற்காதவை, ஐந்தாவதில் இன்னும் முழுப்பதில் வராதவை. நான் நேரே நான்காவதுக்குப் போவேன், அப்புறம் ஐந்தாவது. இரண்டாவதை டீ குடிக்கும்போது புரட்டினால் போதும், பெரும்பாலும் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதையே ஏற்றுக்கொண்டோம் என்று எழுதியிருப்பார்கள்.

பொதுக் கணக்குக் குழு பற்றிச் சுருக்கமாக: 22 பேர், 1967 முதல் மரபுப்படி எதிர்க்கட்சிக்காரர்தான் தலைவர், அரசுக் கணக்கைத் தணிக்கை செய்கிற சி.ஏ.ஜி.யின் அறிக்கைகளைப் பார்ப்பது அவர்கள் வேலை. ஆழம் அதிகம், ஆனால் பணம் செலவாகிப் பல வருடம் கழித்துத்தான் வரும்.

நீங்களே கேள்வி எழுதிக் கொடுப்பது

பொதுமக்கள் நேரடியாகக் கேட்க முடியாது. எம்.பி. வழியாகத்தான், அதுவும் அமைச்சராக இல்லாத எந்த எம்.பி.யாக இருந்தாலும் சரி. நாங்கள் ஏழெட்டு யூனிட் சேர்ந்து எழுதிய முதல் கடிதம் இப்படி இருந்தது: "திருப்பூரில் சிறு தொழில்கள் நசிந்து வருவது அரசுக்குத் தெரியுமா, தெரியும் எனில் என்ன நடவடிக்கை எடுத்தது?" எழுதும்போது வீரமாகத்தான் இருந்தது. இப்படிக் கேட்டால் திட்டங்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று பதிலாக வரும். எந்த அமைச்சகத்திலும் அது தயாராக இருக்கும், தேதியை மாற்றி ஒட்டினால் போதும். நல்லவேளை, அது அவைக்கே போகவில்லை.

விதிகள் எளிது. சாதாரணமாக 150 சொல்லைத் தாண்டக் கூடாது. ஒரே விஷயம். குற்றச்சாட்டு, கிண்டல், ஊகம், வாதம் கூடாது. மாநில அரசின் வேலையைக் கேட்கக் கூடாது, நீதிமன்றத்தில் இருப்பதையும் கேட்கக் கூடாது. பதினைந்து முழு நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஆகவே கூட்டத்தொடர் தேதி பேப்பரில் வந்த அன்றே கடிதம் எம்.பி. அலுவலகத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேல் குலுக்கல். பெயர் விழுந்தால்தான் உண்டு.

இரண்டாவது முறை எழுதியது வேறு மாதிரி. அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில் தமிழ்நாட்டில் மாவட்டவாரியாக எத்தனை கணக்கு, எவ்வளவு தொகை. அதில் வாராக்கடனானவை எத்தனை. உத்தரவாதத்தைக் கேட்டு வங்கிகள் கொடுத்த கோரிக்கை எவ்வளவு, செலுத்தியது எவ்வளவு. மூன்றுக்கும் பதில் எண்ணாகத்தான் இருக்க முடியும். பாராட்டோ வருத்தமோ தெரிவித்துத் தப்பிக்க வழி இல்லை. குலுக்கலில் விழவில்லை. சரி, அடுத்த தொடருக்கு மறுபடி கொடுக்கத் தடை ஏதும் இல்லை.

இந்த முறை மாவட்டவாரியாக என்பதை எடுத்துவிட்டேன். மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை என்ற வாக்கியத்துக்கு நாமே ஏன் வாசல் திறந்துவிட வேண்டும்? தம்பி தன் பங்குக்கு இன்னொன்று சேர்த்திருக்கிறான்: கடந்த மூன்று வருடத்தில் எஸ்.எஸ்.சி. பரிந்துரைத்தவர்கள் எத்தனை, அதில் பணியில் சேர்ந்தவர்கள் எத்தனை, சேராததால் மீண்டும் காலியான இடங்கள் எத்தனை. அது வேறு அமைச்சகம், அதனால் வேறு தாளில். இரண்டையும் அவன்தான் தட்டச்சு செய்கிறான். வேகத் தேர்வுக்கு அவனுக்கு அது பயிற்சியாகவும் ஆகிறது.